மூட்டை அரிசியும் பாய் கடைக் கறிவேப்பிலையும்

கிருஷ்ணப்பிரியா என்கிற பேரை வேம்புலியம்மாள் முதன்முதலில் கேட்டது யூசுப் பாய் மளிகைக்கடை வாசலில். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கையில் நீலமும் வெள்ளையுமான ஒயர் கூடை, கூடைக்குள் கால் கிலோ துவரம்பருப்பு, அதன் மேல் பாய் கொசுறாகப் போட்ட கறிவேப்பிலை. அவள் கணவர் தட்சிணாமூர்த்திக்குச் சின்னம்மா மகள் ஒருத்தி உண்டு, ராதிகா என்று. அவள்தான் ஸ்கூட்டியை ஓரங்கட்டி, கீழே காலை ஊன்றியபடியே விஷயத்தைச் சொன்னாள். கொழுந்தன் ஸ்ரீகாந்த் வேலை செய்கிற அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியிலேயே பில் போடுகிற பிரிவில் ஒரு பெண். ஆவடியில் குவார்ட்டர்ஸ். அப்பா இராமகிருஷ்ணனுக்கு அங்கே ஃபேக்டரியில் வேலை. பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம். ஆறு மாதமாக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டீ குடிக்க இறங்குகிறார்கள்.

"பேரு இன்னா?" என்று கேட்டாள் வேம்புலியம்மாள்.

"கிருஷ்ணப்பிரியா."

"அம்மாம் நீளமா? கூப்ட்டு முடிக்கறதுக்குள்ள சோறு அடி புடிச்சிரும்மே."

சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் வீடு வருவதற்குள் அந்தப் பேரை நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்ரீகாந்த் பேருக்குத்தான் அவளுக்குக் கொழுந்தன். தட்சிணாமூர்த்திக்கும் அவனுக்கும் நடுவில் பதினெட்டு வருஷம். இடையில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மாமியார் கண்ணை மூடியபோது அவனுக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் வைத்தது, பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டியது, அம்மை போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை வீசியது எல்லாம் வேம்புலியம்மாள்தான். தன் மகள் கார்த்திகாவைத் திருநின்றவூரில் கட்டிக் கொடுத்து அனுப்பிய அன்றைக்குக்கூட, இவன் நம்மோடு இருக்கிறானே என்றுதான் மனசைத் தேற்றிக்கொண்டாள். அவன் அவளை அம்மா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அண்ணி என்றுதான் கூப்பிடுவான். ஆனால் முதல் சம்பளத்தை அவள் கையில்தான் கொடுத்தான்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பெண் நல்ல உயரம், வேகமான நடை, பேச்சிலும் கணக்கு. வந்த ஒரு வாரத்தில் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, மளிகைச் சாமான் எங்கே வைப்பீர்கள் என்பது. வேம்புலியம்மாள் ஒயர் கூடையைக் காட்டினாள்.

அந்தப் பெண்ணுக்கு அது விளங்கவே இல்லை. அவள் வளர்ந்த வீடு வேறு மாதிரி. சம்பளம் வந்த மறு சனிக்கிழமை அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாருமாக, ஃபேக்டரிக்காரர்களுக்குச் சலுகை விலையில் சாமான் விற்கிற கேன்டீனுக்குப் போவார்கள். ஆளுக்கொரு பை. கார்டுக்கு இத்தனை சோப்பு, இத்தனை எண்ணெய் என்று அளவு உண்டு. அந்த அளவை விட்டுக்கொடுக்காமல் வாங்கி வந்து, கட்டிலுக்குக் கீழே அவள் அம்மா கமலம் அடுக்கி வைப்பாள். வேண்டுமோ வேண்டாமோ, கிடைக்கிற அளவை எடுக்காமல் விட்டால் நஷ்டம் என்பது குவார்ட்டர்ஸ் பெண்களின் கொள்கை. அந்த வீட்டில் இரண்டு வருஷத்துக்கு வேண்டிய பல்பொடி எப்போதும் இருக்கும். ஐம்பது கிராம் மிளகு வாங்கக் கடைக்குப் போவார்கள் என்பதையே கிருஷ்ணப்பிரியா கல்யாணமாகி மேனாம்பேட்டுக்கு வந்துதான் பார்த்தாள்.

வேம்புலியம்மாள் பிழைத்த விதம் அதற்கு நேர் எதிர். பதினெட்டு வயசில் அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது மாமனாருக்குச் செங்கல் சூளையில் வேலை. சாயந்திரம் கூலி வந்தால்தான் அரிசி வாங்கவே முடியும். பிறகு தட்சிணாமூர்த்தி ஆட்டோ ஓட்டினார். அதுவும் அன்றன்றைக்கு வரும் காசுதான். காலையில் காபித்தூள், பத்து மணிக்குப் பருப்பு, சாயந்திரம் எண்ணெய் என்று ஒரு நாளைக்கு நாலு நடை பாய் கடைக்குப் போவாள். கையில் இருக்கிற காசுக்குத் தக்க வாங்குகிறவள் ஒரு நாளும் ஏமாற மாட்டாள் என்பது அவள் நம்பிக்கை. இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான் குடும்பம் நடத்தினாள். யாரும் பட்டினி கிடக்கவில்லை.

இரண்டு பேரும் நல்லவர்கள்தான். அதனால்தான் சண்டை ஆறு மாதம் இழுத்தது. கெட்டவர்களாக இருந்திருந்தால் ஆறு நாளில் முடிந்திருக்கும்.

பிரியா (நீளமான பேரை வேம்புலியம்மாள் முதல் வாரத்திலேயே வெட்டிவிட்டாள்) ஒரு நோட்டுப் போட்டாள். பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் வருகிற சோம்பு, கிலோவாக வாங்கினால் என்ன விலை, அரை லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட் ஐந்து லிட்டர் கேனை விட எவ்வளவு கூடுதல் என்று எழுதி எழுதிக் காட்டினாள். வேம்புலியம்மாளுக்கு எழுத்து வராது, எண் வரும். எண்ணைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அடுத்த நாள் காலையில் கூடை மறுபடி பாய் கடைக்குப் போகும். அவள் போகிற நேரத்தில் பிரியா வாசலில் நின்று, "அக்கா, பாய் ஊட்டுக்குப் வேலைக்குப் போறீங்களா, சாமான் வாங்கப் போறீங்களா?" என்று கேட்பாள். ஊடு, துட்டு எல்லாம் அவள் வாயிலும் வந்துவிட்டது. வேம்புலியம்மாளும் விடமாட்டாள். "உங்கம்மா கட்டில் மேல படுக்கறாங்களா, சோப்பு மேல படுக்கறாங்களா?" என்பாள்.

சித்திரைக் கடைசியில் விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது. பிரியா முழுகாமல் இருந்தாள். குழந்தை வருவதற்குள் கையில் கொஞ்சம் சேர்க்க வேண்டும், இந்த வீட்டில் காசு எந்த வழியாகப் போகிறது என்றே தெரியவில்லை, தனியாகப் போனால் தன் கையில் நிற்கும் என்று ஸ்ரீகாந்திடம் சொல்லியிருக்கிறாள். அவன் சென்னீர்குப்பத்தில் ஒரு வீடு பார்த்து, இரண்டாயிரம் டோக்கன் கொடுத்துவிட்டு வந்து, அண்ணி முகத்தைப் பார்க்காமல் தட்டைக் கழுவினான். அவன் தட்டைக் கழுவியதிலேயே வேம்புலியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அழுகிற ஜாதி இல்லை அவள். பிரியாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

பேசி முடித்த ஏற்பாடு இதுதான். ஜூன் மாதம் முழுக்கப் பிரியா பாணியில் சாமான் வாங்குவது. ஜூலை முழுக்க வேம்புலியம்மாள் பாணியில். நோட்டு பிரியாவிடம், கண் இரண்டு பேருக்கும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கூட்டிப் பார்ப்பது. எப்படியும் ஆடி முடியாமல் யாரும் குடி போக மாட்டார்கள்.

"என் மாசத்துல செலவு கம்மின்னா கூடை என் கைக்கு வரணும்க்கா, நாங்களும் இங்கயே இருந்துடறோம்," என்றாள் பிரியா. "உங்க மாசம் கம்மின்னா நான் வாயத் திறக்க மாட்டேன். ஆவணி பொறந்ததும் சென்னீர்குப்பம் போயிடுவோம்."

"சரி," என்றாள் வேம்புலியம்மாள், யோசிக்காமல். ஜெயிப்போம் என்பதில் அவளுக்கு அவ்வளவு உறுதி. ஜெயித்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி பூந்தமல்லி மொத்தக் கடையிலிருந்து தட்சிணாமூர்த்தியின் ஆட்டோவிலேயே சாமான் வந்தது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு. ஒன்றுக்கு இரண்டாக எடுத்தால் மூட்டைக்கு நாற்பது ரூபாய் குறைவு என்று பிரியா இரண்டாக எடுத்திருந்தாள். ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், பருப்பு ஐந்து கிலோ, ரவை பத்து கிலோ, தனியா மூன்று கிலோ, சோப்பு ஒரு பெட்டி. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. வீட்டில் விசேஷமா என்று நாலு பேர் கேட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து கிண்ணத்தோடு வர ஆரம்பித்தார்கள். ஒரு கரண்டி எண்ணெய், ஒரு டம்ளர் பருப்பு, நாளைக்குத் தருகிறேன். கால் கிலோ வாங்குகிற வீட்டில் யாரும் கடன் கேட்கமாட்டார்கள். மூட்டை வந்த வீட்டில் இல்லை என்று சொல்ல முடியுமா?

வெளி ஆள் மட்டும் இல்லை. சாயந்திரம் ஆட்டோவை நிறுத்திவிட்டு வருகிற தட்சிணாமூர்த்திக்கு அந்தக் கேனைப் பார்த்ததும் பஜ்ஜி ஞாபகம் வரும். "அதான் அஞ்சு லிட்டர் கீதே" என்பார். வேம்புலியம்மாளும் பார்த்தாள், தன் கையே கரண்டியைச் சாய்க்கிற விதம் மாறிப்போயிருந்தது. பாக்கெட்டில் ஊற்றும்போது கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிகிற கை, கேனைத் தூக்கினால் கோவில் அபிஷேகம் மாதிரி ஊற்றியது. பதினெட்டாம் தேதி கேன் காலி. அடுத்த நாள் காலையில் பார்த்தால் அடுப்பு மேடையில் இரண்டு லிட்டர் எண்ணெய் நின்றது. எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

மாதக் கடைசியில் ரவையைத் திறந்தால் புழு நெளிந்தது. ஆறு கிலோ இருக்கும். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நல்ல காலம். தனியாவில் பூச்சி கூடு கட்டியிருந்தது. பிரியா முறத்தை எடுத்து வைத்தாள். வேம்புலியம்மாள் குத்திக் காட்ட வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த மாதம் அவளுக்கும் வேறொரு விதத்தில் அடி விழுந்திருந்தது. சாமான் வாங்காமல் வெறும் கறிவேப்பிலைக்காகப் பாய் கடைக்குப் போய் நின்றபோது, சும்மா கேட்க வாய் வரவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் முதல் முறையாகக் கறிவேப்பிலைக்கு ஐந்து ரூபாய் எடுத்து நீட்டினாள்.

யூசுப் பாய் அந்தக் காசைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இன்னாக்கா, நான் ஏதாச்சும் தப்பா பேசிட்டனா?" என்று மெதுவாகக் கேட்டார். காசைத் தொடவே இல்லை.

ஜூலை வந்தது. கூடை பழையபடி தெருவில் நடந்தது. வேம்புலியம்மாளுக்குக் காலில் உயிர் வந்த மாதிரி இருந்தது. காலையில் ஒரு நடை, பத்து மணிக்கு ஒரு நடை. எண்ணெய் அரை லிட்டர், பருப்பு கால் கிலோ, ரவை கால் கிலோ, கொத்தமல்லி கொசுறு. பஜ்ஜி நின்றது. கிண்ணத்தோடு வருகிறவர்கள் நின்றார்கள். வாங்கியதை எல்லாம் சாயந்திரம் பிரியாவிடம் ஒப்பிப்பாள், அவள் எழுதுவாள்.

அரிசி மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. வேண்டுமென்று செய்ததில்லை. முதல் நாள் காலையில் பழக்கமாகக் கையை விட்டாள், கட்டிலோரத்து மூட்டையில் அரிசி இருந்தது, பொங்கினாள். வீட்டில் இருக்கும்போது யாராவது கடைக்குப் போவார்களா? ஏழாம் நாளோ எட்டாம் நாளோதான் உறைத்தது. அது பிரியா மாதத்து அரிசி, பிரியா நோட்டில் ஏறிய அரிசி. கிட்டத்தட்ட இருபத்திரண்டு கிலோ. சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே. மாதம் முடிந்தபோது மூட்டையும் முடிந்திருந்தது. சாக்கை உதறி மடித்து மிதியடியாகப் போட்டாள்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சாயந்திரம் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பிரியா கூட்டினாள். ஜூன் ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது. ஜூலை ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்து.

தட்சிணாமூர்த்தி தொடையைத் தட்டினார். "இன்னாமே, ஜெயிச்சிட்டியே" என்றார். பிரியா நோட்டை மூடி வைத்துவிட்டு, சொன்ன சொல் சொன்னதுதான், சென்னீர்குப்பத்து வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசுங்கள் என்று ஸ்ரீகாந்திடம் திரும்பினாள். ஸ்ரீகாந்த் போனைக் கையில் எடுத்தான். எடுத்தவன் நம்பரைத் தேடுகிற சாக்கில் அண்ணியைப் பார்த்தான். ஒன்பது வயசில் காய்ச்சலோடு பார்த்த அதே பார்வை.

ஜெயித்தால் கூடை மிஞ்சும், பிள்ளை போய்விடுவான் என்பது வேம்புலியம்மாளுக்கு அந்த நிமிஷத்தில்தான் முழுசாகப் புரிந்தது. மிதியடியாகக் கிடந்த சாக்கை எடுத்து வந்து நடுக்கூடத்தில் போட்டாள்.

"போன வை நைனா. நான் ஜெயிக்கல. ஒரு மாசமா இவ அரிசியத்தான் பொங்கிக்கினு இருந்தேன். நோட்டுல அது ஏறல. கூடைய எடுத்துக்கோ பிரியா."

பிரியா சாக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

"தெரியும்க்கா. பில்லு போடறவளுக்கு மூட்டை எறங்கறது தெரியாதா? நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்துகிட்டிருந்தேன்."

"அடிப்பாவி. சொல்லலன்னா போயிருப்பியா?"

"போயிருப்பேன்," என்றாள் பிரியா. சிரிப்பு நின்றிருந்தது. "நானும் ஒண்ணு மறைச்சேன். அந்த ரெண்டு லிட்டர் எண்ணெய் அப்பா கேன்டீன்ல வாங்கிக் குடுத்தது. காசு வேணாம்னாரு, நானும் எழுதல."

"அத்த நான் அன்னைக்கே பாத்தேன். கேட்டா உனுக்கு மூஞ்சி விழுந்துருமேன்னு உட்டுட்டேன்."

தட்சிணாமூர்த்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் தனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்று எழுந்து டீ போடப் போனார். அது ஓர் அதிசயம், அதை விடுங்கள்.

பிரியா நோட்டைத் திறந்து மறுபடி கூட்டினாள். மிச்ச அரிசியை ஜூலைக்குத் தள்ளி, எண்ணெயை ஜூனில் ஏற்றினால், ஜூலை பத்தாயிரத்து அறுநூறைத் தாண்டியது. ஜூன் ஒன்பதாயிரத்துக்குக் கீழே வந்தது. கூடை நியாயமாக அவளுடையது. ஆனால் அவள் கூடையைத் தொடவில்லை. ஜூன் சாமானை ஒவ்வொன்றாக வாசித்து, லாபம் தந்தது எது, தின்றது எது என்று பிரித்தாள். அரிசி லாபம், பருப்பு லாபம், சோப்பு லாபம். எண்ணெயில் மிச்சமானது பஜ்ஜியில் போயிற்று. ரவையும் தனியாவும் கோழிக்குப் போயின.

அந்த இடத்தில் வேம்புலியம்மாள் குறுக்கே புகுந்தாள். எண்ணெய் கேனில் தப்பில்லை, கேன் கண்ணில் பட்டதுதான் தப்பு என்றாள். கேனைப் பரண் மேல் ஏற்றிவிடு, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு லிட்டர் மட்டும் தூக்கில் ஊற்றி இறக்கு, அந்த வாரத்துக்கு அவ்வளவுதான், பஜ்ஜி போட்டால் தாளிக்க இருக்காது. தெருவுக்கும் தெரியாது, என் கைக்கும் தெரியாது. பிரியா பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள். அளவு போடுவதைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். கை எப்படி ஊற்றும் என்பது எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை.

மூட்டை எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு விடை பாய் கடையில் கிடைத்தது. மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். பிரியா தன் கணக்கை விளக்கினாள். யூசுப் பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செங்குன்றத்திலிருந்து அரிசி லோடு தனக்கு மாதா மாதம் வருகிறதே, ஆட்டோவை எதற்குப் பூந்தமல்லி வரைக்கும் விரட்டுகிறீர்கள் என்று கேட்டார். வாங்கின விலைக்கு மேல் மூட்டைக்கு இருபது ரூபாய் போதும், வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன் என்றார். பூந்தமல்லி விலையை விடப் பத்து ரூபாய்தான் அதிகம். ஆட்டோவுக்குக் கேஸ் போடுகிற காசே அதற்கு மேல் வரும் என்று பிரியா அங்கேயே நின்று கணக்குப் போட்டுச் சொன்னாள்.

"மீதி எல்லாம் வாரா வாரம் உங்க கடையிலதான் பாய்," என்றாள். "ரவை கால் கிலோக்கு மேல குடுத்தீங்கன்னா திருப்பிக் கொண்டாந்துருவேன்."

"கறிவேப்பிலை?" என்று கேட்டார் பாய்.

"அது கொசுறு," என்றாள் வேம்புலியம்மாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டு வழக்கம் அதுதான். ஒன்றாம் தேதி ஒரு மூட்டை அரிசி, ஒரே மூட்டைதான். இரண்டு எடுத்தால் விலை குறைவு என்று யார் சொன்னாலும் பிரியா காதில் வாங்குவதில்லை. பருப்பு மூன்று கிலோ, எண்ணெய் கேன் பரணுக்கு. மிளகாயும் புளியும் மாசி பங்குனியில் விலை இறங்கும்போது வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கி, மொட்டை மாடியில் காயவைத்து எடுத்து வைப்பார்கள். கேன்டீனிலிருந்து சோப்பும் பேஸ்ட்டும் மட்டும், அதுவும் தீர்ந்த பிறகுதான். கமலத்துக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கிடைக்கிற அளவை விட்டுவிட்டு வருகிறாளே மகள் என்று ஆவடியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ரவை, மாவு, சர்க்கரை, மல்லித்தூள், காய்கறி, கீரை எல்லாம் வாரத்துக்கோ அன்றாடமோ, கூடையில். நாலு நடை ஒரு நடையாகக் குறைந்தது. அந்த ஒரு நடையை வேம்புலியம்மாள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

சென்னீர்குப்பத்து டோக்கன் இரண்டாயிரம் திரும்பி வரவில்லை. அதை இரண்டே மாதத்தில் அடுப்படியில் எடுத்துவிட்டோம் என்று வேம்புலியம்மாள் இன்றைக்கும் சொல்வாள். கார்த்திகை மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு யாரிடமும் கை நீட்டவில்லை. குழந்தைக்குச் சின்னப் பேராக வைக்கச் சொல்லி வேம்புலியம்மாள் பிடிவாதம் பிடித்தாள், மைதிலி என்று வைத்தார்கள்.

கிருஷ்ணப்பிரியா இப்போது மேனாம்பேட்டில், அதே வீட்டில்தான் இருக்கிறாள். மாடியில் ஓர் அறை கட்டிக்கொண்டார்கள், படுக்கை அங்கே. எஸ்டேட்டில் அதே கம்பெனியில் பில் பிரிவுக்கு அவள்தான் இப்போது பெரியவள். அடுப்பு கீழே ஒன்றுதான் எரிகிறது.